உவரியும் ஓலைப்பெட்டியும்

இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு உவரிக்குப் போய் வரலாம். திசையன்விளையிலிருந்து போகும் வழியெங்கும் செம்மண்ணும் பனைகளும். முடிவில் நீலக் கடல். கப்பல் வடிவ மாதா கோயில் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு வரும் நேர்ச்சைக்காரர்கள், ஓலைப்பெட்டியில் கடல்மண்ணைச் சுமந்து கரையில் குவிப்பார்கள்.

பெட்டிக்கு வேண்டியது குருத்தோலை. வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, கீற்றாகக் கிழித்து, சாயமேற்றி முடைவார்கள். கடற்கரையில் வடக்கே உள்ள மணப்பாட்டில் பெண்களுக்கு இது கைத்தொழில். பிளாஸ்டிக் வந்தபின் பெட்டிக்குக் கிராக்கி குறைந்தது. வருமானம் தராத பனை சூளைக்கு விறகானது.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. விற்பனை இருந்தால்தான் மரமும் நிற்கும். திரும்பும்போது கருப்பட்டியை ஓலைப்பெட்டியிலேயே வாங்கி வாருங்கள். மழைக்கு முன் வரப்பில் நாலு பனங்கொட்டையும் ஊன்றுங்கள்.