மாதா பார்த்துக்கொள்வாள்

ஆகஸ்ட் மாதம் நெருங்கிவிட்டால் செட்டியார்பட்டி வட்டாரத்துக் கத்தோலிக்க இல்லங்களில் பேச்செல்லாம் காமநாயக்கன்பட்டியைப் பற்றியதாகவே இருக்கும். 6ஆம் நாள் அங்கே கொடியேறும். 15ஆம் நாள் பரலோக மாதாவின் பெருவிழா. ஆண்டு முழுவதும் தையல் பொறிகளின் முன்னே குனிந்திருக்கும் குடும்பங்கள், அந்த நாள்களுக்காகவே காசு சேர்த்து வைத்திருக்கும்.

ஒரு காலத்தில் இப்பயணம் மாட்டு வண்டிகளில் நடந்தது. இன்று அவ்விடத்தை டிராக்டரின் டிரெய்லர் பிடித்துக்கொண்டுள்ளது. அதில் ஆட்களை ஏற்றிச் செல்வது ஆபத்தானது, சட்டத்துக்கும் புறம்பானது என்பதால் மக்கள் பேருந்தில் போகிறார்கள். அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு, பாய், தண்ணீர் டிரம் ஆகியவற்றுடன் டிரெய்லர் முன்னதாகப் போய்ச் சேர்கிறது. அதை ஒரு மரத்தடியில் நிறுத்தி, மேலே தார்ப்பாயைக் கட்டிவிட்டால் அதுவே மூன்று நாள் வீடு. பெண்களும் குழந்தைகளும் மேலே உறங்குவர். ஆண்கள் கீழே சக்கரங்களுக்கு இடையே பாய் விரிப்பர்.

சில ஆண்டுகளுக்கு முன், இப்படிப் புறப்படும் நாளுக்கு முந்திய ஞாயிறன்று, திருப்பலி முடிந்ததும் ஓர் இளந்தாய் நம்மிடம் வந்தார். இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை.

“சாமி, கடையில ஒரு வாட்டர் பில்டர் பார்த்து வச்சிருக்கேன். டிரெய்லர்ல கொண்டுபோனா பிள்ளைக்கு உதவும்னு நினைக்கிறேன். அத்தை வேண்டாங்கிறாங்க. மாதாவைப் பார்க்கப் போறப்ப தண்ணியைச் சந்தேகப்படலாமாங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

கிளைப்பங்கில் அடுத்த பூசைக்கு மக்கள் காத்திருந்தார்கள். நாம் அவசரத்தில் இருந்தோம். குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்து, “மாதா பார்த்துக்கொள்வாள் அம்மா, போய் வாருங்கள்” என்றோம்.

விழா முடிந்து திரும்பிய மூன்றாம் நாள் அக்குழந்தையை மருத்துவமனையில் பார்த்தோம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, கண்கள் குழிவிழுந்து, கையில் ஊசி செருகப்பட்டுக் கிடந்தது. கூடச் சென்ற வேறு நால்வருக்கும் அதே தொல்லை. இறையருளால் ஐந்து நாள்களில் குழந்தை தேறிவிட்டது. அந்தத் தாய் நம்மிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவர் ஏதேனும் கடிந்து சொல்லியிருந்தால் நம் நெஞ்சு சற்று இலகுவாகியிருக்கும்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அருள் இயற்கையின் இடத்தைப் பறிப்பதில்லை என்று தூய தோமா அக்குவினாசின் இறையியலைக் குருமடத்தில் பயின்றவர்கள் நாம். விவேகம் தலையாய அறநெறிப் பண்பு என்று தேர்விலும் எழுதியவர்கள். ஆனால் ஒரு தாய் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, படித்த அனைத்தையும் மறந்து, நம் அவசரத்துக்கு மாதாவின் பெயரைப் போர்வையாக்கிவிட்டோம். கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுக்கு ஆண்டவர் இயேசு இணங்கவில்லை. தந்தை காப்பார் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லாமலா? காக்கும் கடவுளைச் சோதித்துப் பார்ப்பது நம்பிக்கையாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். நாமோ நம் கால்களால் கூடக் குதிக்கவில்லை. ஒரு குழந்தையைக் குதிக்கச் சொன்னோம்.

பிறகு விடுதலைப் பயண நூலின் பதினைந்தாம் அதிகாரத்தைப் புரட்டினோம். மாராவின் கசந்த நீர்முன் மக்கள் முணுமுணுக்கிறார்கள், மோசே மன்றாடுகிறார். கடவுள் அந்த நீரை அப்படியே குடிக்கச் சொல்லவில்லை. ஒரு மரத்தை அவருக்குக் காட்டுகிறார். மோசே அதை எடுத்து நீரில் போட்ட பின்பே நீர் இனிமையாகிறது. காட்டியவர் கடவுள், எடுத்துப் போட்டது மனிதக் கை.

அந்நாள்களில் ஒரு குருவின் வரலாற்றையும் வாசித்தோம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா மூண்டு, 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிராட் தெருவிலிருந்த கைப்பம்பின் நீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ. அவர் வற்புறுத்தலால் அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அது செப்டம்பர் 8, நாம் அன்னையின் பிறப்பைக் கொண்டாடும் நாள். அப்பகுதி ஆங்கிலிக்கன் ஆலயத்தின் உதவிக் குருவான ஹென்றி வைட்ஹெட், ஸ்னோவின் கூற்றை நம்பவில்லை. அதைத் தவறென்று காட்டவே தம் மக்களின் வீடுகளில் விசாரித்தார். ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவராதலால் மருத்துவரிடம் சொல்லாததை மக்கள் அவரிடம் சொன்னார்கள். கேட்கக் கேட்க, ஸ்னோவே சரி என்பது அவருக்குத் தெளிவாயிற்று. பம்பை அடுத்த வீட்டில் ஒரு பச்சிளங்குழந்தை வயிற்றுப்போக்கால் இறந்ததையும், அதன் துணி அலசிய நீர் கிணற்றையொட்டிய மலக்குழியில் ஊற்றப்பட்டதையும் 1855இல் கண்டறிந்தவர் அவரே. தம் கருத்து பொய்த்தபோது அதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அந்தக் குருவிடம் இருந்தது.

மறு ஆண்டு ஜூலையில், டிரெய்லர் பயணம் போகும் குடும்பங்களை ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் கூட்டினோம். சென்ற ஆண்டு நாம் சொன்ன சொல் தவறு என்று அந்தத் தாயின் முன்னும் அவருடைய மாமியாரின் முன்னும் ஒப்புக்கொண்டோம். பிறகு கேள்வியைப் பொதுவில் வைத்தோம்: வடிகட்டியைக் கொண்டுபோவதா, வேண்டாமா?

ஆர்.ஓ. பொறி வாங்கலாம் என்றார் ஓர் இளைஞர். அதற்கு மின்சாரமும் நீரழுத்தமும் வேண்டும். மரத்தடி டிரெய்லரில் இரண்டுமில்லை. மேலும் அது சிறப்பாகப் பிரிப்பது உப்பை. கரிசல் பூமியில் பல கிணறுகள் உவர்ப்பானவை. நாக்கில் பட்டதும் முகம் சுளிக்கிறோம். ஆனால் மூன்று நாள் குடித்த உவர்நீர் பிள்ளையைப் படுக்கையில் தள்ளுவது அரிது. தள்ளுவது நாவுக்குத் தெரியாத கிருமி. பாவமும் இப்படித்தான் என்று மறையுரை தொடங்க நா எழுந்தது; அடக்கிக்கொண்டோம்.

கடையில் பார்த்து வைத்திருந்த பீங்கான் வடிகட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. அது கலங்கலையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் நிறுத்தும். அவற்றினும் மிகச் சிறிய வைரஸ்களை நிறுத்தாது. சொட்டுச் சொட்டாக இறங்குவதால் இருபது பேருக்குப் போதாது. டிரெய்லரின் குலுக்கலில் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் பயனற்றுப் போகும். விரிசலோ கண்ணுக்குத் தெரியாது.

“அவரவர் வீட்டுக்கு அவரவர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாமே” என்றார் வசதியுள்ள ஒருவர். கூட்டத்தில் சிலர் தலை குனிந்தனர். ஒரே தார்ப்பாயின் கீழே இரு வகைத் தண்ணீரா? கொரிந்து சபையில் ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது சிலர் உண்டு நிறைய, சிலர் பசித்திருந்ததைப் பவுலடியார் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை நினைவூட்டினோம். டிரம் ஒன்றுதான் என்று முடிவாயிற்று.

அதுவரை பேசாதிருந்த மாமியார் வாய் திறந்தார்: “எங்க காலத்துல வண்டி கட்டிப் போறப்ப சேலைத் துணியை மடிச்சுக் குடத்து வாயில கட்டி வடிச்சுத்தான் குடிச்சோம். நரம்புச் சிலந்தி வந்துடும்னு எங்க ஆத்தா விடமாட்டா.”

“அப்போது உங்கள் ஆத்தா மாதாவைச் சந்தேகப்பட்டாரா பாட்டி?” என்று கேட்டோம். அவர் சற்றுத் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார். மருமகளும் சிரித்தார். ஓராண்டுக்குப் பின் அவ்விருவரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

அந்த ஆத்தாவின் அறிவு எளிதானதன்று. குளத்து நீரில் வாழும் நுண்ணிய பூச்சிகளே நரம்புச் சிலந்திப் புழுவைச் சுமக்கின்றன. துணி அப்பூச்சிகளை நிறுத்திவிடும். துணியால் வடிப்பதை வீடுதோறும் பரப்பியது அந்நோயை நம் நாட்டிலிருந்து ஒழித்த வழிகளுள் முக்கியமானது. 1996இல் கடைசி நோயாளி. 2000இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில், பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீர் வடித்த ஊர்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு கூறிற்று. காலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணுயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவற்றோடு சேர்ந்து துணியில் தங்கிவிடுகிறது. ஆயினும் பாதிதான் குறைந்தது. தனித்து மிதக்கும் கிருமிக்குத் துணி தடையாகாது. அதற்குக் குளோரின் வேண்டும். கலங்கிய நீரில் குளோரினின் ஆற்றல் வீணாகும். ஆகவே முதலில் துணி, பிறகு குளோரின்.

முந்திய ஆண்டு நடந்ததும் அப்போதுதான் விளங்கிற்று. நம் டிரம்முக்குக் குழாய் இல்லை. சோறு பிசைந்த கையும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையும் அதே செம்போடு உள்ளே நுழைந்தன. ஊற்று எவ்வளவு தூயதாயினும், நம் கையே அதைக் கெடுத்திருக்கும். வடிகட்டியா இல்லையா என்று வாதிட்ட நாம், மூடியையும் குழாயையும் நினைக்கவில்லை.

முடிவு இப்படி அமைந்தது: அடியில் குழாயும் மேலே இறுக்கமான மூடியும் கொண்ட டிரம், நிரப்பும்போது எட்டு மடிப்புத் துணி, பின் அளவறிந்து குளோரின் மாத்திரை, அரை மணி நேரக் காத்திருப்பு, சிறு குழந்தைகளுக்குக் குமிழியிட்டுக் கொதித்து ஆறிய நீர், டிரெய்லரின் பின்பலகையில் கயிற்றில் கட்டிய சோப்பு. இளந்தாய் அந்த வடிகட்டியையும் வாங்கினார். வைக்கோலில் பொதிந்து எடுத்துச் சென்றார். அதில் இறங்கிய நீரையே குழந்தைகளுக்குக் கொதிக்க வைத்தார்கள். அதை வேண்டாமென்று நாங்கள் தள்ளவில்லை. அதுவே போதுமென்றும் இருந்துவிடவில்லை.

அவ்வாண்டு எவரும் நோயுறாமல் திரும்பினார்கள். “இது மாத்திரையாலா சாமி, மாதாவாலா?” என்று உபதேசியார் கேட்டார். நமக்குக் கானாவூர் நினைவுக்கு வந்தது. இரசம் தீர்ந்ததை அங்கே முதலில் பார்த்தவர் அன்னை. பார்த்தவர் சும்மாயிருக்கவில்லை, மகனிடம் சொன்னார், பணியாளர்களை ஏவினார். ஆறு கற்சாடிகளையும் விளிம்புவரை நிரப்பும் உழைப்பு அவர்களுக்கே விடப்பட்டது. ஒவ்வொரு சாடியும் ஏறக்குறைய நூறு லிட்டர் கொள்ளும். எத்தனை நடை நடந்திருப்பார்கள்! மாதா பார்த்துக்கொள்வாள் என்பது பொய்யன்று. ஆனால் அவர் பார்ப்பது, நாம் சுமக்க வேண்டிய குடத்தையும் சேர்த்துத்தான்.

இப்போதும் ஆகஸ்டில் டிரெய்லரை மந்திரிக்க அழைக்கிறார்கள். நாம் முதலில் டிரம்மின் மூடியைத் தூக்கி, குழாயைத் திறந்து பார்க்கிறோம். பிறகே தீர்த்தம் தெளிக்கிறோம்.