காபி போட ட்ரியெஸ்ட் வரை போனேன்!

எனக்கு வயது 63. சேலத்தில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணமாகி 35 வருடங்களில் ஒருநாள்கூட நான் காபி போட்டதில்லை. காலை ஐந்தரைக்கு டபரா டம்ளரில் நுரையோடு கைக்கு வந்துவிடும். அதன் பின்னால் ஒரு வேலை இருக்கிறது என்பது தெரிய இத்தாலி வரை போக வேண்டியிருந்தது.

மகளுக்குப் பிரசவம். மாப்பிள்ளைக்கு இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ட்ரியெஸ்ட் நகரத்தில் இயற்பியல் ஆராய்ச்சி வேலை. பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கிய சர்வதேச இயற்பியல் மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பிப்ரவரியில், 90 நாள் விசாவோடு போய் இறங்கினோம்.

மறுநாள் காலையே என் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "குழந்தையக் குளிப்பாட்டணும், இவளுக்குப் பத்தியச் சமையல் செய்யணும். காபி மட்டும் நீங்க பாத்துக்குங்க."

"பில்டர் எங்கே?" என்றேன். பிரசவ லேகியத்துக்குப் பெட்டியில் இடம் வேண்டுமென்று அதைச் சேலத்திலேயே எடுத்து வைத்துவிட்டாளாம்.

சமையலறை மேடையில் புத்தம்புது எஸ்பிரெஸ்ஸோ மெஷின் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கொட்டை அரைக்கும் கிரைண்டர். "போன வாரம்தான் வாங்கினேன் மாமா. ராத்திரி முழிக்கணும்ல?" என்றார் மாப்பிள்ளை. அவருக்கும் அதில் பெரிய தேர்ச்சி இல்லை என்பது முதல் வாய் காபியிலேயே தெரிந்துவிட்டது.

முதல் நாள் நான் போட்டது எட்டே நொடியில் குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டியது. குடித்தால் புளிப்பு. தூளை நைசாக அரைத்தேன். மெஷின் முனகியதே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை. சேலத்திலிருந்து கொண்டுபோன காபித்தூளைப் போட்டுப் பார்த்தேன். அதிலிருந்த சிக்கரி, சல்லடையில் பசை மாதிரி அப்பிக்கொண்டது. அதைக் கழுவி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது.

"முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஒருநாளாவது இப்படிக் குடுத்திருக்கேனா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பதில் சொல்ல முடியாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன்.

ட்ரியெஸ்ட் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று அமைந்த ஊர். நகரத்தின் பெரிய சதுக்கத்தில் மூன்று பக்கம் அரண்மனை மாதிரி கட்டடங்கள், நான்காவது பக்கம் நேராகக் கடல். குளிர்காலத்தில் 'போரா' என்றொரு காற்று மலையிலிருந்து இறங்கி வீசும். ஆளைத் தள்ளிவிடும் வேகம். ஒரு காலத்தில் தெருவில் நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டி வைப்பார்களாம். நான் அன்றைக்கு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த ஊருக்குக் காபி மேல் இத்தனை பிரியம் வந்ததற்குக் காரணம் துறைமுகம். 1719-ல் ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் இதைத் தீர்வையில்லாத் துறைமுகமாக அறிவித்தார். கப்பல் கப்பலாகக் காபிக்கொட்டை இறங்கியது. முதல் உலகப் போர் முடியும்வரை ஊர் ஆஸ்திரியாவின் கையில்தான் இருந்தது. அந்தக் கால வியன்னா பாணிக் காபி ஹால்கள் இன்றும் இருக்கின்றன. 1914-ல் திறந்த 'கஃபே சான் மார்கோ'வில் மர மேஜைகளும் புத்தகக் கடையும் ஒன்றாக இருக்கின்றன. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் பல வருடம் வாழ்ந்ததும் இந்த ஊரில்தான். பாலத்தின் மேல் அவர் நடந்து போவது மாதிரி ஒரு சிலை வைத்திருக்கிறார்கள்.

காபிக்கு இங்கே தனி பாஷையே உண்டு. எஸ்பிரெஸ்ஸோ வேண்டுமென்றால் 'நேரோ' என்று கேட்க வேண்டும். 'கறுப்பு' என்று அர்த்தம். கொஞ்சம் பால் சேர்ந்தால் 'காபோ'. அதையே சின்னக் கண்ணாடி டம்ளரில் கொடுத்தால் 'காபோ இன் பி'. இது தெரியாமல் நான் கப்புச்சினோ கேட்டேன். இரண்டு வாயில் தீர்ந்துபோகும் குட்டிக் கோப்பை வந்தது. மற்ற ஊர்களின் பெரிய கப்புச்சினோ வேண்டுமானால் இங்கே 'கஃபெலாத்தே' என்று கேட்க வேண்டுமாம்.

வீட்டுத் தெருமுனையில் ஒரு சின்னக் காபி பார். நின்றபடியே குடித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடுதல். கடைக்காரருக்கு என் வயது இருக்கும். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு இத்தாலியன் வராது. ஒருநாள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் என் கஷ்டத்தைச் சொல்லச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டு என்னைக் கவுண்டருக்கு உள்ளே அழைத்தார். கடை திறந்ததும் போடும் முதல் காபியை யாருக்கும் தருவதில்லையாம். அது எத்தனை நொடியில் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுக் கீழே கொட்டிவிடுவாராம். பிறகு கிரைண்டரை மயிரிழை திருப்புவார். ஈரமான நாளில் ஓர் அரைப்பு, போரா வீசும் வறண்ட நாளில் வேறொன்று. நாற்பது வருடமாகக் காபி போடுகிற மனிதர் தினமும் முதல் காபியைக் கொட்டுகிறார் என்றால், எனக்கென்ன வெட்கம்?

அவர் சொன்ன கணக்கு எளிது. 18 கிராம் தூள். அதிலிருந்து 36 கிராம் காபி. இறங்கும் நேரம் 25 முதல் 30 நொடி. புளித்தால் தண்ணீர் வேகமாக ஓடிவிட்டது, இன்னும் நைசாக அரை. கசந்தால் அதிக நேரம் தங்கிவிட்டது, கொஞ்சம் கொரகொரப்பாக அரை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

நம் பில்டரில் தண்ணீர் தன் பாட்டுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. எஸ்பிரெஸ்ஸோவில் காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தோடு அது தூளுக்குள் பாய்கிறது. தூள் ஒரு பக்கம் லேசாக இருந்தால் அந்த வழியாகவே ஓடிவிடும். அதனால் தூளைச் சமமாகப் பரப்பி, கோணாமல் அழுத்த வேண்டும். மெஷினையும் பிடியையும் முன்பே நன்றாகச் சூடாக்க வேண்டும். கொட்டையை வறுத்த தேதி பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டு போட்டேன். பழைய வங்கிப் பழக்கம். தேதி, தூள் எடை, அரைப்பு எண், நொடி, ருசி. ஐந்து யூரோவுக்கும் குறைவான செலவில் மூன்று மடங்கு கொட்டியது முதல் பத்து நாள் கணக்கு. பதினோராம் நாள் எலிவால் மாதிரி மெலிசாக, தேன் நிறத்தில் இறங்கியது. 27 நொடி. மேலே பொன்னிற நுரை. நானே நம்பவில்லை.

அந்த வாரம் கொட்டை வாங்க, ஊரிலேயே வறுத்து விற்கும் ஒரு கடைக்குப் போனோம். மூலையில் அடுக்கியிருந்த சணல் சாக்கு ஒன்றில் 'இந்தியா, ரோபஸ்டா' என்று அச்சடித்திருந்தது. எஸ்பிரெஸ்ஸோவின் கெட்டி நுரைக்காக ரோபஸ்டாவைக் கொஞ்சம் கலப்பார்களாம். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்னணியில் இருக்கிறது. தலைக்கு மேலே ஏற்காட்டை வைத்துக்கொண்டு காபி போடத் தெரியாமல் வாழ்ந்தவன், நம் ஊர்க் கொட்டையை அங்கே காசு கொடுத்து வாங்கினேன்.

மறுநாள் விடிகாலை. இரவெல்லாம் குழந்தை அழுததால் மனைவி ஜன்னலோரம் அதை மடியில் போட்டுக்கொண்டு கண்ணைச் சொக்கியபடி உட்கார்ந்திருந்தாள். காபியைப் போட்டுப் பால் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

"சூடு பத்தல."

உண்மைதான். அந்த ஊரில் பாலைக் கொதிக்க விடுவதில்லை. திரும்பப் போய் அடுப்பில் பாலைப் பொங்கக் காய்ச்சி, புதிதாக ஒன்று போட்டு எடுத்து வந்தேன். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க குடிச்சீங்களா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் 35 வருடத்தில், டம்ளரை வாங்கிக்கொண்டு நான் ஒருநாளும் அவளைக் கேட்காத கேள்வி. பேப்பரை விரித்துக்கொண்டு நான் குடித்த அத்தனை காலையும் அவள் எப்போது குடித்தாள், ஆறியதைக் குடித்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது.

சேலம் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. இங்கே எஸ்பிரெஸ்ஸோ மெஷின் கிடையாது. வாங்கும் உத்தேசமும் இல்லை. பித்தளைப் பில்டர்தான். ஆனால் தராசும் நோட்டும் மேடைக்கு வந்துவிட்டன. காலைக் காபி என் வேலை. இரண்டு டம்ளரையும் ஒன்றாகவே கொண்டுபோய் வைக்கிறேன்.

நேற்று டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணி. நோட்டில் எழுதியிருக்கிறேன்.