நாம் கேட்காத கேள்வி



மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. அச்செல்வத்தின் கணக்கை நாம் சரியாகக் கற்றுக்கொண்டது ஜெர்மனி நாட்டுத் தொழுவம் ஒன்றிலே என்றால் நீங்கள் வியப்படையலாம்.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பவேரியா மாநிலத்தின் தென்பகுதியில், ஆல்ப்ஸ் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தோம். கோடையில் அங்குள்ள பங்குத்தந்தையர் விடுமுறையில் செல்லும்போது, நம் நாட்டுக் குருக்கள் சிலர் சென்று அவர்களுடைய பணியை ஏற்பது வழக்கம். பங்கு இல்லத்திற்கு அடுத்தாற்போல் ஒரு விவசாயியின் தொழுவம் இருந்தது. ஏறத்தாழ 40 கறவைகள். நாமோ குடியானவர் வீட்டில் பிறந்தவர். சாணத்தின் மணம் வீசினால் போதும், கால்கள் தாமாகவே அப்பக்கம் திரும்பிவிடும். மாலைதோறும் அங்கே போய் நின்றோம்.

நம் ஊர்ச் செவலை மறை மாடுகளை அவை நினைவூட்டின. செம்பொன் நிற உடலில் வெள்ளைத் திட்டுகள், முகமோ வெண்மை. ஆனால் உருவம் மிகப் பெரிது. வளர்ந்த பசு 650 முதல் 800 கிலோ வரை எடை காணும். ஃபிளெக்ஃபீ என்பது அவற்றின் பெயர். அம்மொழியிலும் அதற்கு மறை மாடு என்றே பொருள்! இவற்றின் தாயகம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் உள்ள சிம்மே ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆகவே உலகின் பிற பகுதிகளில் இவ்வினத்தைச் சிம்மென்டால் என்கின்றனர். 1837இல் டெகர்ன்சே ஏரிக்கரையைச் சேர்ந்த மாக்ஸ் ஓபர்மாயர் என்பவர் இம்மாடுகளைப் பவேரியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று அம்மாநிலத்து மாடுகளில் பெரும்பாலானவை இவ்வினமே.

முற்காலத்தில் இவை மூன்று பயன் தந்தன: பால், இறைச்சி, உழைப்பு. டிராக்டர் வந்தபின் உழைப்பு நீங்க, மற்ற இரண்டும் நிலைத்தன. ஓர் ஈற்றில் 7,000 முதல் 8,000 கிலோ வரை பால் கறக்கும் பசுக்கள் அங்கே சாதாரணம். காளைக் கன்றையோ ஐந்தாறு வாரத்தில், 80 கிலோவைத் தாண்டியதும் ஏலத்திற்குக் கொண்டுசெல்கின்றனர். அதை வாங்கி வளர்ப்பவரிடம் அது நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடி, ஒன்றரை வயதளவில் 700 கிலோவை எட்டுகிறது. பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும்போதும் பால், இறைச்சி, உடல்நலம் ஆகிய மூன்றையும் சேர்த்தே மதிப்பிடுகின்றனர்.

“ஹோல்ஸ்டீன் இதைவிட அதிகப் பால் தருமே, அதை ஏன் வளர்க்கவில்லை?” என்று நாம் கேட்டோம். அம்மனிதர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பால் அதிகந்தான், சுவாமி. ஆனால் பிறக்கும் கன்றுகளில் பாதி ஆண். ஹோல்ஸ்டீன் காளைக் கன்றுக்குச் சில ஆண்டுகளில் அதன் தீவனச் செலவுகூடக் கிடைப்பதில்லை. என் தொழுவத்தில் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு விலை உண்டு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் பால் உண்டு.” பிறகு நம்மைப் பார்த்து, “உங்கள் ஊரில் காளைக் கன்றுகளை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்.

நாம் விடை கூறவில்லை.

நாம் குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள், ஒரு வறண்ட பகுதிப் பங்கில் பணியாற்றினோம். அங்கே ஏழைக் குடும்பங்கள் முப்பதுக்குக் கடன் பெற்றுத் தந்து, ஜெர்சி கலப்பினக் கறவைகளை வாங்கிக் கொடுத்தோம். ஊரில் பால் சங்கம் உருவாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். நமக்கும் பாராட்டுக் குவிந்தது.

ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கோவில் மதிற்சுவரோரம் ஒரு கன்று கட்டப்பட்டிருந்தது. பிறந்து ஐந்து நாள் இருக்கும், காளைக் கன்று. கைம்பெண் ஒருவர் அதை விட்டுச் சென்றதாக அறிந்து, அவரை அழைத்து, பலர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். வாயில்லாச் சீவனிடம் இரக்கம் இல்லையா என்று கேட்டோம். அவர் தலைகுனிந்து நின்று, “கடன் கட்டணும் சாமி” என்று மட்டும் சொன்னார். புட்டிப்பால் கொடுத்துப் பார்த்தோம். கன்று மூன்றாம் நாள் இறந்தது.

அன்றிரவு பவேரியாவில் உறக்கம் வரவில்லை. எழுந்தமர்ந்து கணக்கிட்டோம். கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் என்றாலும், இரண்டு மாதத்தில் 120 லிட்டர் பால். அவ்வளவையும் கொடுத்து வளர்த்தாலும், கலப்பினக் காளையை உழவுக்கு வாங்குவார் இல்லை. வெயிலில் அதன் மூச்சு இரைக்கும். தவணையோ மாதந்தவறாமல் வந்து நிற்கும். கறவையை வாங்கித் தந்த நாம், பிறக்கும் கன்றுகளில் பாதியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரக்கமற்றவர் என்று யாரைக் கடிந்தோமோ, அவர் நம் மறதியின் பாரத்தைச் சுமந்தவர்.

அவ்வூர்க் கோவிலில் கையில் சங்கிலியுடன் புனித லெயோனார்துவின் சிலை உண்டு. அவர் சிறைப்பட்டோரின் பாதுகாவலர். அவர் கைவிலங்கை மாட்டுச் சங்கிலி என்று குடியானவர்கள் எண்ணியதால், கால்நடைகளுக்கும் பாதுகாவலரானார் என்பர். மறுநாள் அச்சங்கிலியை நோக்கியபோது, நமக்கு அப்பெண்ணின் கடன்தான் நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பியதும் அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் திண்ணையில் பாய் விரித்து நம்மை அமரச் செய்தார். “அதை எப்பவோ மறந்துட்டேன் சாமி. அன்னைக்கே ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே நமக்கு மிகவும் வலித்தது.

சிம்மென்டாலை இங்கே கொண்டுவாருங்கள் என்பது நம் கருத்தன்று. குளிர்நாட்டில் வளர்ந்த அப்பேருடலுக்கு நம் வெயிலும் தீவனப் பஞ்சமும் ஒவ்வா. நம் நாட்டிலும் இரட்டைப் பயன் மாடுகள் உண்டு. ஓங்கோல், தார்பார்க்கர், அரியானா போன்றவற்றில் பசு பால் தந்தது, காளை ஏர் இழுத்தது. காங்கேயக் காளைக் கன்று பிறந்தால் வீடே மகிழ்ந்தது. டிராக்டரும் கலப்பினமும் வந்தபின் அக்கணக்கு மாறிற்று. கிடேரிக் கன்றே பெரும்பாலும் பிறக்கும்படி பாலினம் பிரித்த சினை ஊசி இப்போது வந்துள்ளது. அதன் விலை என்ன, நம் மாட்டுக்கு அது பொருந்துமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

மாட்டுக் கடன் கேட்டு இன்று எவரேனும் வந்தால், எத்தனை லிட்டர் கறக்கும் என்பதற்கு முன், காளைக் கன்று பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறோம். அதற்கு விடை காணும் வரை கடிதத்தில் கையொப்பமிடுவதில்லை. உங்கள் அன்பியக் கூட்டங்களிலும் மகளிர் குழுக்களிலும் கறவை வாங்குவது பற்றிப் பேச்செழுந்தால், இக்கேள்வியை முதலில் கேளுங்கள். கேட்டபின், விடை சொல்ல வேண்டியவர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருங்கள்.