ஆடிக் காற்றில் தங்கவயல்

2024 ஜூலை 20, சனி

மாரிகுப்பம் வண்டியில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. விடியுமுன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும் கூட்டம். அப்பா காலத்தில் சங்கு ஊதினால் ஷிப்ட். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கவயல் சுரங்கத்தை மூடிய பிறகு, ஊரை எழுப்புவதும் படுக்க வைப்பதும் இந்த வண்டிதான்.

ஆடி பிறந்து நாலு நாள். அம்மா பாத்திரங்களை எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தாள். கதவுக்கடியில் ஈரத்துணி. கவிழ்த்த குண்டானின் அடியில் விரலை வைத்து இழுத்தேன். மைதா போல நைசான சாம்பல் நிறத் தூள். மாலையில்தான் துடைத்தாளாம்.

பாறையை மாவாக அரைத்து, சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சத்தைக் கொட்டிய இடங்கள்தான் இன்று மலை மாதிரி நிற்கின்றன. 13 மேடுகள், ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன். போன தங்கம் 800 டன் என்கிறார்கள். சக்கை எங்களுக்கு.

ஜூலை 21, ஞாயிறு

காலையிலேயே மேட்டில் பைக் சத்தம். 2018-இல் வந்த கேஜிஎஃப் படத்துக்குப் பிறகு, எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்களும் அட்டையில் உட்கார்ந்து அதே மேட்டில் சறுக்கி, அம்மாவிடம் அடி வாங்கியவர்கள்தான்.

ஊர்ப் பெருமை எனக்கும் மனப்பாடம். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1965-இல் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அந்த அடியாழத்தில் பாறைச் சூடு 60 டிகிரியைத் தாண்டும் என்பதை மட்டும் யாரும் பெருமையோடு சொல்வதில்லை.

பெட்டியில் அப்பாவின் மருந்துச் சீட்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஆஸ்துமா. ஆஸ்துமாக்காரர் எங்கே வேலை பார்த்தார் என்று ஒரு சீட்டிலும் இல்லை. நுரையீரலில் கல்தூள் படிவதற்கு சிலிகோசிஸ் என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியவந்தது அவர் போய் வெகுநாள் கழித்து.

மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒரு பதிப்பகமே இங்கே நடந்தது. சுரங்கக் கூலிகள் காசு போட்டுப் புத்தகம் வாங்கிய ஊர் இது. பைக்கில் வந்தவர்கள் அதைக் கேட்கவில்லை. சரி, உள்ளூர்ப் பிள்ளைகளே கேட்பதில்லை.

ஜூலை 22, திங்கள்

டீக்கடையில் ஒரே சண்டை. அந்த 13 மேடுகளிலும் மிச்சமிருக்கிற தங்கத்தை எடுக்கலாம் என்று போன மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டதல்லவா, அதைப் பற்றி. ரயிலில் பாதி ஆயுளைக் கழிக்கும் பையன்களுக்கு முகமெல்லாம் வெளிச்சம். உள்ளூரில் வேலை என்றால் யாருக்குக் கசக்கும்?

பக்கத்து வீட்டுப் பெரியப்பா கீழே இறங்கி வேலை பார்த்தவர். டீ ஆறும்வரை பேசவில்லை. பிறகு, "வரட்டும் கண்ணு, நல்லதுதான். அந்த மண்ண வாரி லாரில போடறப்போ காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு எவனாச்சும் கேட்டானா?" என்றார். பையன்கள் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதே கேள்விதான். வேலை வரட்டும், தூசிக்கு என்ன வழி என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். ஒருமுறை நம்பியாகிவிட்டது.

கிளம்பும்போது அம்மா எனக்கென்று எடுத்த டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள்.

மேட்டில் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியில் வாருங்கள். எடுத்து முடித்ததும் கீழே இறங்கி, எங்கள் லைன் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். டீ அம்மா போடுவாள்.