முத்துவுக்குப் புல் பழக்குவது

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓய்வு பெறுகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறிவிடும். வளர்த்த பிராணிகளுக்குத்தான் சில சமயம் இடம் இருக்காது. எதிர்வீட்டுக்காரர்கள் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனபோது முத்து எங்களிடம் வந்தது. நல்ல கொழுத்த வெள்ளை முயல். கேரட், பிஸ்கட், கடையில் விற்கும் பெல்லட் தீவனம், இவைதான் அதற்குத் தெரிந்த சாப்பாடு. காய்ந்த புல்லையோ வைக்கோலையோ வைத்தால் மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொள்ளும்.

முயல் என்றாலே கேரட் என்று படப்புத்தகங்கள் நம் மனதில் பதித்துவிட்டன. கேரட்டில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு துண்டு போதும். வளர்ந்த முயலின் உணவில் ஏறக்குறைய 80 சதவீதம் புல்லும் உலர்புல்லுமாகத்தான் இருக்க வேண்டும். அதன் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். நார் நிறைந்த புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து நெடுநேரம் அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும். பெல்லட்டோ நாலு கடியில் நொறுங்கிவிடும். தேயாத பல் கூர்மையாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். குடலும் அப்படித்தான், நார் குறைந்தால் அசைவு மந்தமாகி நின்றே போகலாம். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

ஆகவே புல் தின்னாத முயலுக்கு முதலில் வாயைத்தான் பார்க்க வேண்டும். புல்லை ஆசையாக எடுத்துவிட்டுக் கீழே போடுகிறதா, தாடை எச்சிலில் நனைந்திருக்கிறதா என்று கவனித்தோம். முத்துவுக்குப் பல்லில் குறையில்லை. இனிப்பிலேயே வயிறு நிறைந்ததால் புல்லுக்குப் பசி மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

"ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா தின்னும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. முயலிடம் அதைச் செய்யவே கூடாது. 12 மணி நேரம் எதுவும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசரம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிஸ்கட்டை மட்டும் அடியோடு நிறுத்தி, பெல்லட்டை வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தோம். உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் பெல்லட் ஒரு நாளைக்குத் தாராளம்.

மந்தாரக்குப்பம் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒரு பெண்மணிதான் புல்லைப் பற்றி எனக்கு விளங்கவைத்தார். நான் கோ-4 தீவனப்புல் கேட்டேன். "அதுக்குத் தண்டு தடிமன் அக்கா, சீக்கிரம் காயாது. கொழுக்கட்டைப் புல் கொண்டுபோங்க. பூ எடுக்கிறப்பவே அறுத்துடணும், முத்தவிட்டா வெறும் குச்சிதான். நிழல்ல போட்டுப் புரட்டிப் புரட்டி விடுங்க" என்றார். அப்படி உலர்த்திய புல்லைக் கையில் எடுத்தால் இளம்பச்சை மாறாமல் இருக்கும். கசக்கினால் இனிய மணம் வரும். வைக்கோலில் அந்த மணமும் இல்லை, சத்தும் குறைவு. முத்து அதைத் தொடாததில் வியப்பில்லை.

வைக்கும் இடமும் முக்கியம். முயல் கழித்துக்கொண்டே மெல்லும் பிராணி. அதனால் கழிவுத் தட்டின் ஓரத்திலேயே புல் கூடையைக் கட்டினோம். கொஞ்சம் கொத்தமல்லித் தழையைப் புல்லுக்குள் ஒளித்துவைத்தால், அதைத் தேடும் சாக்கில் நாலு இழை வாய்க்குள் போகும். கடலைக்கொடி கொடுத்தால் முத்து விடாது. ஆனால் பயறு வகைச் செடி என்பதால் சுண்ணாம்புச் சத்து அதிகம். எப்போதாவது ஒரு பிடி, அதுவும் பூஞ்சை இல்லாததாக.

நெய்வேலி வெயில் வேறு. 30 டிகிரி தாண்டினாலே முயல் சோர்ந்து தீனியைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் பகலில் புல் வைத்துப் பயனில்லை. விடியற்காலையிலும் இரவிலும்தான் புதுப்புல் போடுகிறோம். ஐப்பசி மழை பிடித்தால் கவலை வேறு மாதிரி. ஈரம் ஏறிய புல்லில் பூஞ்சை வந்துவிடும், முக்கல் வாடை அடித்தால் அத்தனையும் குப்பைக்குத்தான். ஆகவே புரட்டாசிக்குள் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட வேண்டும்.

இப்போது முத்துவின் புழுக்கை உருண்டையாக, பெரிதாக, உடைத்தால் உள்ளே நார் தெரிகிற மாதிரி இருக்கிறது. தடித்த தண்டுகளை இன்னும் ஒதுக்குகிறது. அடுத்த அறுப்பை இன்னும் கொஞ்சம் இளசாகக் கேட்டிருக்கிறேன்.