முடிந்து வைத்த காசு

எங்கள் வீட்டுச் சுவாமி அறையிலே, விபூதிச் சம்புடத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு நாற்பத்திரண்டு வருஷம் இருந்தது. அதை முடிந்து வைத்தவர் என் தாயார்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் வன்செயல் பரவியபோது எங்கள் லயத்துக்கும் தீ வைத்தார்கள். அன்றிரவு என் பெற்றோர் நாலு மாதக் குழந்தையொன்றைத் தூக்கிக்கொண்டு றப்பர் மலையூடாக ஓடினார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெரியவர் ஒருவர் தம்முடைய சிறு புகைக்கூடத்தைத் திறந்துவிட்டார். தொங்கும் றப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே இரண்டு இரவும் ஒரு பகலும் ஒளிந்திருந்தார்கள். அடுப்பை அவித்திருந்தாலும், சுவரில் ஏறிய புகை நெடி போகுமா? குழந்தை இருமினால் வெளியே கேட்டுவிடும். “இந்தப் பிள்ளை இருமாமல் பிழைத்தால், பலாபத்தல வழியால் நடந்து வந்து உன் பாதத்தில் காசு போடுகிறேன்” என்று தாயார் சிவனொளிபாத மலையை நினைத்து நேர்ந்துகொண்டார். அந்தக் குழந்தை நான்.

அந்தப் புகைக்கூடத்துப் பெரியவரும் என் தந்தையாரும் வெறும் அயலவர்கள் அல்லர். தந்தையார் பால் வெட்டும் தொழிலாளி. மாசி மாதத்தில் றப்பர் மரம் இலையுதிர்த்து நிற்கும்; வேலை குறையும். அந்த நாட்களில் பெரியவர் தம் கிராமத்தாரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் புறப்படுவார். யாத்திரைக் கோஷ்டியைச் சிங்களத்தில் ‘நடே’ என்பார்கள். அதை நடத்திச் செல்பவர் ‘நடே குரா’. அந்த நடேயில் ஒரேயொரு தமிழராக என் தந்தையார் ஒன்பது முறை ஏறியிருக்கிறார். சிகரத்திலுள்ள மணியை, எத்தனையாவது முறை வந்தோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். தந்தையார் கடைசியாக ஒன்பது தடவை அடித்தார். 1981க்குப் பிறகு அவர் அந்த வழியில் கால் வைக்கவில்லை. எங்கள் லயத்தார் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறினர். நாங்கள் போகவில்லை, ஆனால் மலைக்கும் போகவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கையில் நண்பர்களோடு ஹட்டன் பக்கமாக, நல்லதண்ணி வழியால் ஒரு முறை ஏறினேன். புறப்படும்போது காசைத் தரும்படி தாயாரைக் கேட்டேன். “நான் அந்த வழி நேரவில்லையடா” என்று சொல்லிவிட்டார். 2023இல் அவர் காலமானார். அந்தியேட்டி முடிந்து சில மாதங்கள் சென்றபின், ஒருநாள் மாலை, தந்தையார் தாமாகவே அந்த முடிச்சை எடுத்து என் கையில் வைத்தார்.

இம்மலையைப் பற்றி மாணவர்களுக்காக இரண்டொரு செய்திகள் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். இதன் உயரம் 7,359 அடி. அதாவது 2,243 மீற்றர். உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்றும், பௌத்தர் புத்தபிரானுடையது என்றும், இஸ்லாமியர் ஆதம் நபியுடையது என்றும் போற்றுகின்றனர். மணிமேகலைக் காப்பியத்தில் இம்மலை சமனொளி என்ற பெயரால் வருகிறது. சமனொளிதான் சிவனொளி ஆயிற்றா என்று வகுப்பிலே கேட்டால் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. பதினொன்றாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர் படும் துன்பத்தை எண்ணி, கிலிமலை என்னும் ஊரை அவர்களுக்கு அன்னமிடுவதற்காக விட்டான் என்று சூளவம்சம் கூறும். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலைக்குப் போகும் பஸ் இன்றும் அந்தக் கிலிமலையூடாகத்தான் போகிறது.

ஹட்டன் வழி குறுகியது; அதன் அடிவாரமே உயரத்தில் இருக்கிறது. எங்கள் சப்பிரகமுவ வழியோ தாழ்நிலத்திலிருந்து ஆறாயிரம் அடி அளவு ஏறுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று கடலிலிருந்து வந்து முட்டுவது இந்தப் பக்கத்துச் சரிவிலேதான். இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆகையால், மார்கழியில் உந்துவப் போயாவன்று தொடங்கும் யாத்திரைக் காலம் வைகாசியில் வெசாக் போயாவோடு முடிவடைகிறது. அதற்குப் பிறகு மழையும் காற்றுமே மலையின் எசமானர்கள்.

நாங்கள் புறப்பட்டது 2024 மே மாதம், வெசாக்குக்கு ஒரு வாரம் இருக்கையில். புத்தியுள்ளவன் போகிற காலம் அல்ல. என் விடுமுறையும், மகனுடைய விடுமுறையும், தந்தையாரின் மனமும் ஒன்று கூடி வந்தது அப்பொழுதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகனுக்குப் பதினான்கு வயது. மூன்றாவதாக வந்தவர், காலஞ்சென்ற நடே குராவின் மகன். வயது ஐம்பத்தெட்டு, இருபத்தாறு முறை ஏறியவர். தோட்டத்துத் தமிழை எங்களைப் போலவே பேசுவார். நான் அவரை ‘அய்யா’ என்பேன். சிங்களத்தில் அது அண்ணனைக் குறிக்கும். அவர் என்னை ‘மல்லி’, அதாவது தம்பி, என்பார்.

“இந்த மாதம் வேண்டாம் மல்லி” என்று அவர் முதலிலேயே சொன்னார். நான் பிடிவாதம் பிடிக்கவே, “சரி, தனியாக விட முடியாது” என்று வந்தார்.

கிலிமலையிலேயே மழை தொடங்கிவிட்டது. பலாபத்தலையில் பிற்பகல் இறங்கியபோது, மலை இருக்க வேண்டிய திசையில் வெள்ளைத் திரையொன்றுதான் தெரிந்தது. கடைக்காரர்களில் பாதிப்பேர் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சி போட்ட பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் சாப்பிட்டுவிட்டுப் படியேறினோம்.

காட்டுக்குள் நுழைந்ததும் அட்டைகள் எங்களை வரவேற்றன. 1344இல் இம்மலைக்கு வந்த மொரோக்கோ யாத்திரிகர் இபுன் பத்தூத்தா, இங்கே அட்டைகள் மரத்திலிருந்து பாய்வதையும், மக்கள் தேசிக்காயைப் பிழிந்து அவற்றை விழச் செய்வதையும் எழுதி வைத்திருக்கிறார். அதை மகனுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். “அப்படியானால் அறுநூற்றெண்பது வருஷமாக ஒருவரும் வேறு மருந்து கண்டுபிடிக்கவில்லையா?” என்று கேட்டான். அய்யா ஒன்றும் பேசாமல் தம் பையிலிருந்து ஒரு துண்டுச் சவர்க்காரத்தை எடுத்து அவன் கணுக்காலில் தேய்த்துவிட்டார்.

இறங்கி வருபவர்கள் எதிர்ப்படும்போதெல்லாம் “கருணாவை” என்று வாழ்த்துவார்கள்; ஏறுபவர்களும் அவ்வாறே பதில் சொல்வார்கள். பெயர் என்ன, ஊர் எது, என்ன மொழி என்று எவரும் கேட்பதில்லை. முதலில் கூச்சத்தோடு முணுமுணுத்த என் மகன், நாலாவது கோஷ்டி வருவதற்குள் தானே முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினான். மழையில் முகம் தெரியாத ஒருவர், ஈரக் கையால் அவன் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

இருட்டியபின் நடை கடினமாயிற்று. கற்படிகளிலே பாசி. படியென்று நினைத்து வைத்த கால் நீரோடைக்குள் இறங்கும். மின்னல் வெட்டுகையில் மாத்திரம் பள்ளத்தாக்கின் ஆழம் தெரியும். அது தெரியாதிருப்பதே நல்லது. இரவு ஒன்பது மணியளவில் ஹெரமிட்டிப்பானைக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் வழியும் குருவிட்டவிலிருந்து வரும் வழியும் கூடுமிடம் அது. அங்கிருந்த மடத்தில் இருபது பேரளவில் நனைந்த பாய்களிலே சுருண்டு கிடந்தார்கள்.

அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்தோம். காற்றின் ஓசை மாறியிருந்தது. கூரைத் தகரம் விடாமல் அடித்துக்கொண்டது. மடத்திலிருந்தவர்களில் பெரும்பாலோர் அசையவில்லை. அய்யா வாசலில் நின்று வெகுநேரம் வெளியே பார்த்தார். நான் இடுப்பில் முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு முன்னே நடந்தேன்.

ஹெரமிட்டிப்பானைக்கு மேலே ‘மகாகிரிதம்ப’ என்னும் செங்குத்தான ஏற்றம். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அன்றிரவு படிகள் வழியே மழைநீர் அருவியாக இறங்கியது. கம்பி பனிக்கட்டிபோல் இருந்தது. அரைமணி நேரம் ஏறியிருப்போம். பின்னால் ஒரு சத்தம். மகனுடைய கால் வழுக்கிவிட்டது. அய்யா அவனுடைய பையின் வாரைப் பிடித்து நிறுத்தியிருந்தார். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

“மல்லி, திரும்புவோம்” என்றார்.

“இன்னும் ஒரு மணி நேரந்தானே?”

“மேலே இதைவிடக் காற்று. திரும்புவோம்.”

அப்பொழுது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் அதை மறைத்தால் இக்கட்டுரையை எழுதுவதில் பொருளில்லை. “உங்களுக்கு இது இருபத்தேழாவது முறை. எங்களுக்கு நாற்பத்திரண்டு வருஷத்துக் கடன். ஒரு தடவை உங்கள் ஆட்கள் எங்களைத் துரத்தியது போதாதா? இந்த மலையிலிருந்தும் இறக்க வேண்டுமா?” என்று கத்தினேன். எவருடைய புகைக்கூடத்தில் நான் இருமாமல் கிடந்தேனோ, அவருடைய பிள்ளையிடம் இப்படிச் சொன்னேன். அந்த இரவுகளில் அவருக்குப் பதினைந்து வயது. சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரே அவர்தான் என்று தாயார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அய்யா பதில் பேசவில்லை. டோர்ச் விளக்கை என் முகத்திலிருந்து அகற்றி மகனுடைய கையின்மேல் பிடித்தார். கம்பியைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்து, பிடிக்கு அடங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன. “குளிருதாடா?” என்று கேட்டேன். “இல்லை” என்று சொல்ல முயன்றான், உதடு ஒத்துழைக்கவில்லை. நனைந்த உடம்பைக் காற்று எவ்வளவு விரைவில் குளிரவைத்துவிடும் என்பதை வகுப்பிலே கேட்டால் எந்த விஞ்ஞான மாணவனும் சொல்வான். அந்த அரைமணி நேரமும் நான் ஒரு முறையேனும் திரும்பி அவனைப் பார்க்கவில்லை.

இறங்கினோம். மடத்தில் ஒரு சிங்கள மூதாட்டி தம்முடைய உலர்ந்த வெள்ளைப் போர்வையை எடுத்து மகனைச் சுற்றினார். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்த நீரைக் கொடுத்தார். அவன் கன்னத்தில் நிறம் திரும்ப ஒரு மணி நேரம் சென்றது. “யாருடைய பிள்ளை?” என்று மூதாட்டி சிங்களத்தில் விசாரித்தார். “என் தம்பியின் மகன்” என்றார் அய்யா. அதில் எந்த அழுத்தமும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

விடிந்தும் மழை விடவில்லை. சூரியோதயத்தில் மலையின் நிழல் முக்கோணமாகக் கீழே விழும் என்று மகனுக்கு ஆசை காட்டியிருந்தேன். மடத்து வாசலிலிருந்து பத்தடி தூரம்கூடத் தெரியவில்லை. மூதாட்டியும் அவர் நடேயும் எங்களோடே திரும்பி இறங்கினார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கீழிருந்து துணிந்து ஏறி வந்த நாலைந்து இளைஞருக்கு “கருணாவை” என்று சொல்லிவிட்டு, “மடத்தில் இருந்து பார்த்துப் போங்கள், பிள்ளைகளே” என்றும் சொன்னார்.

பலாபத்தலைத் தேநீர்க் கடையில், மகன் கால் கழுவப் போன சமயம், “அய்யா, இரவு நான் சொன்னது...” என்று தொடங்கினேன்.

“என்ன சொன்னீர்கள்? அந்தக் காற்றில் ஒன்றும் கேட்கவில்லை” என்றார் அவர். பிறகு இரண்டு றொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுவரச் சொன்னார். கேட்டதா கேட்கவில்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீடு வந்து சேர்ந்தபோது தந்தையார் திண்ணையில் காத்திருந்தார். முடிச்சை அவர் கையில் வைத்தேன். ஈரத்தில் மஞ்சள் சாயம் கரைந்து என் இடுப்பெல்லாம் ஒட்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன்; நான் கத்தியதையும் சொன்னேன். அதற்கு மாத்திரம் அவர் நெடுநேரம் பேசவில்லை.

“அவன் தகப்பனும் ஒரு தரம் என்னைத் திருப்பிக் கூட்டி வந்தான். அதே இடத்திலதான்” என்றார் பிறகு. “அந்தத் தரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஏறப் போனது பத்து, மணி அடித்தது ஒன்பது.”

முடிச்சை அவிழ்த்தார். காசைத் துடைத்து விபூதித் தட்டில் வைத்துவிட்டு, துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டார். மகனைக் கூப்பிட்டு, உந்துவப் போயா எந்தத் தேதியில் வருகிறது என்று நாட்காட்டியைப் பார்க்கச் சொன்னார். அவன் தாளைப் புரட்டி, டிசம்பர் 14, சனிக்கிழமை என்றான். அன்றைக்குப் பெல்மதுளையிலிருந்து சமன் தெய்வத்தின் உருவம் ஊர்வலமாகப் போகும்; கூட்டம் இருக்கும்; தை பிறக்கட்டும், மாசியில் மழை இராது என்று தாமே கணக்குப் பார்த்தார். பிறகு, “அவனிடம் கேள். அவனுக்கு எப்போது வசதியென்று கேட்டுவிட்டு நாள் வை” என்றார்.