சரி, ஓட்டு

எனக்கு இடது காது ஏறக்குறைய கேட்காது. வலது காது பரவாயில்லை. பிரஸ் ஓட ஆரம்பித்தால் அதுவும் பாதிதான்.

படாளத்தில் ரயிலேறி, பாலாற்றைத் தாண்டி வேலைக்குப் போகிறவன் நான். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் ஷிஃப்ட் இன்சார்ஜ். எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய குடும்பம். அதில் இரும்புப் பக்கம் வந்த முதல் ஆள். பிரஸ் ஷாப்பில் எனக்குப் பெயர் வாங்கித் தந்ததே காதுதான். தகட்டை வெட்டும் டையில் ஸ்ட்ரோக் விழுகிற சத்தத்தை வைத்தே, "டை மழுங்கிடுச்சு, கழட்டு" என்பேன். வந்து விழுந்த பீஸை எடுத்துத் தடவிப் பார்த்தால் விளிம்பில் பிசிறு இருக்கும். சாருக்குப் பாம்புக் காது என்பார்கள் பையன்கள். அந்தப் பெயரை விட மனசில்லாமல்தான் காது போனதை மறைத்தேன்.

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான் இரைச்சல் இருக்கலாம் என்று விதி. சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டிய தொழில் நோய்களில் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் ஒன்று. இதையெல்லாம் புதுப் பையன்களுக்கு வகுப்பெடுப்பவனே நான்தான். இயர் பிளக் போடாதவனைத் திட்டிவிட்டு, டைச் சத்தம் கேட்க வேண்டும் என்ற சாக்கில் என்னுடையதை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். இரைச்சல் முதலில் பறித்துக்கொள்வது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலிகளை. அதனால் பேச்சு கேட்கும், என்ன பேசினார்கள் என்பதுதான் பிடிபடாது. நமக்குக் காது போய்விட்டது என்று தோன்றாது. எதிராளி வாய்க்குள்ளேயே முனகுகிறான் என்றுதான் தோன்றும். வீட்டில் இதற்காக நான் போட்ட சண்டைகளுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வருடாந்தரக் காதுப் பரிசோதனையிலும் ஏமாற்றினேன். ஹெட்போனை மாட்டிச் சின்ன அறையில் உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியனின் தோள் தெரியும். அவர் மெஷினில் விரல் வைக்கும்போதெல்லாம் தோள் லேசாக இறங்கும். நான் தோளைப் பார்த்து அழுத்தினேன். ரிப்போர்ட் நார்மல்.

பிரஸ்ஸில் லைட் கர்டன் என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள். கை குறுக்கே போனால் மெஷின் நிற்கும், நின்றாக வேண்டும். ஒரு நைட் ஷிஃப்டில், கான்ட்ராக்டில் வந்திருந்த பையன் ஒருவன் ஓட்டுவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறான். நிற்கவில்லை. என் இடது பக்கம் வந்து, "லைட் கர்டன் கட் ஆகல சார்" என்றிருக்கிறான். எனக்கு 'கட்' மட்டும் எங்கோ விழுந்தது. இன்னொரு முறை சொல்லு என்று கேட்க வாய் வரவில்லை. "சரி, ஓட்டு" என்று தலையாட்டினேன்.

அவன் ஓட்டினான். சார் சொல்லிவிட்டாரே. பீஸை எடுக்க நீட்டியபோது பிரஸ்ஸின் மேல்பாகமான ராம் இறங்கிவிட்டது. நல்லவேளை, கையை விடாமல் இடுக்கியால் எடுக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது. டையிலிருந்து பிடுங்கியபோது இடுக்கியின் முனை தகடாகியிருந்தது.

"உங்ககிட்ட சொன்னேனே சார்" என்றான்.

"எப்போ?" என்றேன்.

அவன் சொன்னது என்னவென்று அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அவன் வாய் அசைந்தது தெரியும், நான் தலையாட்டியதும் தெரியும். அது போதாதா? விபத்துப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில், 'ஆபரேட்டர் பழுதைத் தெரிவிக்கவில்லை' என்று என் கையெழுத்தில் எழுதினேன். இனி அவனை அனுப்ப வேண்டாம் என்று கான்ட்ராக்டருக்குச் சொல்லிவிட்டார்கள்.

வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே போய் நின்று பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று ஜெயித்தபோது கலாமைப் பேச அனுப்பினார். இதைச் சொன்னதும் பையன்கள் கை தட்டுவார்கள். ஊரெல்லாம் தெரிந்த கதை.

அதன் மறுபாதியை நான் சொன்னதில்லை. 'அக்னிச் சிறகுக'ளில் கலாமே எழுதியிருக்கிறார். தோல்வியை அலசிய கூட்டத்தில் சகாக்கள் தொழில்நுட்பக் காரணங்களைச் சொல்லி முடித்துவிட்டார்கள். விஷயம் அதோடு போயிருக்கும். இவர் எழுந்து, கவுன்ட்டவுனின் கடைசிக் கட்டத்தில் அமிலக் கசிவு தெரிந்தும் அது பெரிதில்லை என்று முடிவெடுத்தது நான்தான், நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தவான் செய்தது பெருந்தன்மை. கலாம் செய்ததில் அவருக்கே நஷ்டம் வரக்கூடும். என்னால் எந்தப் பாதி முடியாதோ அதைத்தான் கதையிலிருந்து வெட்டியிருக்கிறேன்.

இப்போது காதுக்கருவி போட்டிருக்கிறேன். மறைக்க முடியாத நிலை வந்த பிறகு, ஷிஃப்ட் கூடும் நேரத்தில் பையன்களிடம் சொன்னேன்: "எனக்கு இடது காது கேக்காதுப்பா. வலது பக்கம் வந்து சொல்லுங்க. அவசரம்னா கையைக் காட்டுங்க." ஒருவனும் சிரிக்கவில்லை. மறுநாளே அவர்களாகக் கைச்சைகைகள் வகுத்துக்கொண்டார்கள். ஹெச்.ஆரில் என்னை உட்காரவைத்து, குறையை மறைக்காத தலைமை என்று கூட்டத்தில் புகழ்ந்தார்கள். சால்வைகூடப் போட்டார்கள். குறையைச் சொல்லி நல்ல பெயர் வாங்கியாகிவிட்டது. குற்றம் ஃபைலில் அப்படியே இருக்கிறது, என் கையெழுத்தோடு.

அந்தப் பையன் இப்போது ஒரகடம் பக்கம் வேலை செய்வதாகக் கேள்வி. அவன் பெயரை இங்கே எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவனைக் கேட்காமல் எழுதக் கூடாது. நம்பர் இருக்கிறது. இன்னும் போன் செய்யவில்லை.